தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரத்தை வடிவமைத்தல்: முதற்கோட்டிலிருந்து மாதிரித் தாள் வரை

தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்காக ஒரு பாத்திரத்தை வடிவமைப்பதும் ஓர் அழகான படத்தை வரைவதும் வெவ்வேறு வேலைகள். படத்தைத் தொடங்கியவரே அதை முடித்தும் வைக்கிறார். பாத்திரத்தையோ, அதை வடிவமைத்தவரை ஒருநாளும் சந்திக்காத பலர், பல கோணங்களில், ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். யார் வரைந்தாலும் அது அதே பாத்திரமாக இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் முதல் நிபந்தனை. பாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டும் தாளே மாதிரித் தாள். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த நிபந்தனையிலிருந்தே பிறக்கின்றன.

திருகோணமலையில் இதைக் கற்க வரும் இளையோர் பெரும்பாலும் கண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். பெரிய கண், அதனுள் மினுக்கம், இமைமயிர், பிறகு நிறம் என்று போய், உடலைக் கடைசியில் ஒட்ட வைக்கிறார்கள். முன்பக்கத் தோற்றம் அழகாகவே வருகிறது. பாத்திரத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னதும் உருவம் குலைந்துவிடுகிறது. ஆற்றல் குறைவு இதற்குக் காரணமில்லை; படிகளின் ஒழுங்கு மாறியதே காரணம்.

விளக்கத்துக்காக இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்களுள் ஓர் இளம் ஆண்மான். மற்றது, டச்சுக் குடாக் கரையில் வலை பொத்தும் ஒரு முதியவர். கதையில் சிறுவர்கள் அவரை ‘அப்பு’ என்று அழைக்கிறார்கள்.

1. பென்சிலை எடுக்க முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பாத்திரத்தின் நடத்தையைச் சொல்லும் ஒரு பக்க எழுத்து. ‘நல்ல மனம் கொண்டது, துணிச்சலானது’ என்று எழுதினால் அதை வரைய முடியாது. ‘யாருடைய பையைக் கண்டாலும் மூக்கை உள்ளே நுழைக்கும்; பயந்தால் ஓடாமல் உறைந்து நிற்கும்’ என்று எழுதினால் வரையலாம். இந்த ஒரு வரியே மானின் கழுத்து நீண்டிருக்க வேண்டும், மூக்கு பெரிதாக இருக்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகளைத் தந்துவிடுகிறது.

இரண்டாவது, அசைவூட்டும் முறை. ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரையப் போகிறீர்களா, அல்லது உடலைத் துண்டுகளாகப் பிரித்து மூட்டுகளில் திருப்பி அசைக்கப் போகிறீர்களா என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். பின்னர் மாற்றினால் 4ஆம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரும்.

மூன்றாவது, வேலையின் அளவு பற்றிய கணக்கு. நமது தொலைக்காட்சி விநாடிக்கு 25 பிரேம்களில், அதாவது அடுத்தடுத்துத் தோன்றும் 25 நிலைப்படங்களில், ஓடுகிறது. 11 நிமிடப் பகுதி ஒன்றுக்கு 660 விநாடிகள், அதாவது 16,500 பிரேம்கள். ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் 8,250 படங்கள். எல்லாப் பிரேமிலும் எல்லாப் பாத்திரங்களும் அசைவதில்லை. ஆயினும், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பொத்தானும் இந்த எண்ணால் பெருக்கப்படும் என்பதை நினைவில் வைத்தே வரைய வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2பி பென்சிலும் மெல்லிய வெள்ளைத் தாளும் முதல் நான்கு படிகளுக்குப் போதும். கணினிக்கு வந்தபின், வரைவதற்குக் கிரிட்டா, அசைவூட்டுவதற்கு ஓபன்டூன்ஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் வடிவமைப்பில் உள்ள பிழையைத் திருத்தித் தராது.

2. உயிருள்ளதைப் பார்த்து வரைதல்

புதியவர்கள் மானை நினைவிலிருந்து வரைகிறார்கள். நினைவில் இருப்பது பெரும்பாலும் வேறொருவர் வரைந்த கார்ட்டூன் மான். ஆகவே வருவதும் அதன் நகலாகவே இருக்கிறது. கோட்டைக்குள் காலையிலோ மாலையிலோ சென்று, சற்றுத் தூரத்தில் அமர்ந்து, விரைவான சிறு கோட்டோவியங்களாக வரையுங்கள். மான்களுக்கு உணவு நீட்ட வேண்டாம். உணவுக்காக நெருங்கி வரும் மான் நிற்கும் விதம், தானாக மேயும் மான் நிற்கும் விதமாக இராது.

பார்க்க வேண்டியது தோற்றத்தைவிட அசைவையே. புள்ளிமான் தன் இரு காதுகளையும் தனித்தனியே திருப்பும். ஆபத்தை உணர்ந்தால் முன்காலால் நிலத்தைத் தட்டும். வாலை நிமிர்த்தும்போது அதன் வெள்ளை அடிப்பக்கம் தெரியும். எட்டாத இலைக்குப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். இவை நான்கும் பின்னர் உங்கள் பாத்திரத்தின் நடிப்பாக மாறப் போகின்றன. சந்தேகத்துக்கு ஒரு காது திரும்பும், கோபத்துக்குக் கால் தட்டும் என்று இங்கேயே குறித்துவைத்தால், முகத்தில் அதிக கோடுகள் போட வேண்டிய தேவை குறையும்.

அப்புவுக்கும் இதே வேலை உண்டு. வலை பொத்துபவர் காற்பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து அமர்ந்திருக்கும் நிலையைக் கரையில் ஒரு மணி நேரம் பார்த்தவருக்கு, அவருடைய முதுகுக் கோட்டை எப்படிப் போடுவது என்று வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. நிழலுரு

உள்ளே ஒரு கோடும் இல்லாமல், முழுவதும் கறுப்பாக நிரப்பிய சிறு உருவங்களை வரையுங்கள். ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தின் அளவுக்கு மேல் போகக்கூடாது. பார்வையாளர் பலர் இன்று கார்ட்டூனைக் கைபேசியில் பார்க்கிறார்கள். தூரக்காட்சியில் உங்கள் பாத்திரம் உண்மையிலேயே அந்த அளவில்தான் தெரியும். அந்த அளவிலும் ‘இது அந்த மான்’ என்று சொல்ல முடிந்தால்தான் நிழலுரு தேறியது.

மானுக்கு நிழலுருவில் வேலை செய்பவை கழுத்து, காது, கொம்பு ஆகிய மூன்றுமே. வளர்ந்த ஆண்மானின் கொம்பு மூன்று கிளைகள் கொண்டது. நிழலுருவில் மிக அழகாக இருக்கும். ஆனாலும் நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன். கிளைத்த கொம்பைத் தலையோடு சேர்த்துத் திருப்பி வரைவது அனுபவம் உள்ளவருக்கே கடினமான வேலை; ஐந்து பேர் வரைந்தால் ஐந்து விதமான கொம்பு வரும். இளம் ஆண்மானுக்குக் கிளையற்ற இரண்டு குட்டை முளைகள் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு, இழந்த தனித்தன்மையைக் காதுகளுக்குக் கொடுக்கலாம்: இயல்பைவிட ஒன்றரை மடங்கு நீளம், ஒன்றின் நுனி சற்று மடிந்தது.

இங்கே நேரும் பொதுவான பிழை, கைகளையும் பொருள்களையும் உடலுக்குள்ளேயே வைத்து வரைவது. அப்பு வலை ஊசியை மார்புக்கு முன்னால் பிடித்தால் நிழலுருவில் ஊசியே இராது. முழங்கையை விலக்கி, ஊசியை உடலின் விளிம்புக்கு வெளியே கொண்டுவந்தால், ஒரு சொல்லும் இன்றியே அவர் செய்யும் தொழில் தெரியும்.

4. அடிப்படை வடிவங்களும் அளவும்

தேறிய நிழலுருவை இப்போது எளிய வடிவங்களாகப் பிரிக்க வேண்டும். மானின் உடல் ஒரு சரிந்த முட்டை. தலை ஒரு சிறிய முட்டை, அதன் முன்னால் ஒரு மொட்டையான கூம்பு. கழுத்து, மேலே ஒடுங்கும் ஒரு குழாய். அப்பு ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரம், கீழே சாரம் ஒரு கூம்பு. வட்டம் மென்மையையும், சதுரம் உறுதியையும், கூர்முனை பதற்றத்தையோ ஆபத்தையோ பார்வையாளருக்கு உணர்த்தும் என்பது இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் அடிப்படை. பாத்திரத்தின் குணத்தோடு முரண்படும் வடிவத்தைக் கொடுத்தால், எத்தனை முகபாவம் போட்டாலும் அந்த முரண் மறையாது.

அளவுக்குத் தலையின் உயரமே அலகு. அப்பு மூன்று தலை உயரம். மான் நின்றால் இரண்டரைத் தலை. ‘ஏறக்குறைய’ என்று விடாமல் தாளில் கிடைக்கோடுகள் இட்டுக் காட்டுங்கள். அடுத்தவர் கண்ணால் மதிப்பிட வேண்டிய எதுவும் ஒவ்வொருவர் கையிலும் சற்று மாறும். மாற்றங்கள் சேர்ந்தால் பத்தாவது காட்சியில் மானுக்கு வேறு உடல் இருக்கும்.

தொலைக்காட்சித் திரையின் சட்டகம் 16க்கு 9 என்ற விகிதத்தில் கிடையாக நீண்டது. நாலுகால் பிராணியும் நிற்கும் மனிதரும் ஒரே சட்டகத்தில் உரையாடும்போது, மனிதரின் முகத்தைக் காட்டினால் பிராணி கீழே வெட்டுப்படும். உண்மை மானின் தோள் மனிதரின் இடுப்பளவில்தான் இருக்கும். எனவே மானின் தலை குறைந்தது அப்புவின் மார்பு வரை வருமாறு கழுத்தை நீட்டுவதும், அப்புவைக் குள்ளமாக்குவதும் கதைக்கான வசதி மட்டுமல்ல, திரைச் சட்டகத்தின் கட்டாயம். இதை இந்தப் படியில் கவனிக்காதவர்கள், ஸ்டோரிபோர்ட் (காட்சிகளை வரிசையாகக் காட்டும் முன்வரைபடம்) வரையும்போது எல்லா உரையாடலுக்கும் அப்புவை உட்கார வைக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

துண்டுகளாகப் பிரித்து அசைப்பதென்றால், மூட்டுகள் வட்டமாக முடிய வேண்டும். மேல்துண்டும் கீழ்துண்டும் அந்த வட்டத்தின் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வட்டத்தின் மையமே திருப்பும் புள்ளி. இல்லையேல் காலை மடக்கும்போது முழங்காலில் இடைவெளி தெரியும். தலைக்கும் உடலுக்கும் இடையிலான இணைப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். 1958இல் தொலைக்காட்சிக்கு வந்த யோகி கரடியின் கழுத்துப்பட்டி அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. உடலை அசையாமல் விட்டுத் தலையை மட்டும் தனியே வரைவதற்காக, இணைப்பை மறைக்க ஹன்னா-பார்பரா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனத்தார் கண்ட வழி அது. புள்ளிமானுக்கு இயற்கையே அந்த வசதியைத் தந்திருக்கிறது: தொண்டையில் வெள்ளைத் திட்டு உண்டு. அதன் விளிம்பிலேயே துண்டைப் பிரித்தால் இணைப்பு கண்ணில் படாது.

5. புள்ளிகளும் கட்டங்களும்: எதை விடுவது

இந்தப் படியில்தான் அதிகமானோர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். புள்ளிமான் என்றால் உடல் நிறையப் புள்ளிகள் வேண்டாமா என்று கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 30 புள்ளிகள், விநாடிக்கு 12 படங்கள் என்றால், ஒரே விநாடிக்கு 360 புள்ளிகள். அவற்றுள் ஒன்று இடம் தவறினாலும் அது தோலின் மேல் ஊரும் பூச்சிபோல் அசைந்து, பார்வையாளரின் கண்ணை முகத்திலிருந்து இழுத்துவிடும்.

எங்கே புள்ளி தேவை என்று கேட்க வேண்டும். பின்தொடையில் மூன்று, தோளில் இரண்டு போதும். தொடையும் தோளும் உருண்ட பகுதிகளாதலால், அங்குள்ள புள்ளிகள் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் காட்டும். அவற்றின் அளவு வெவ்வேறாக இருக்கட்டும்: பெரியது, நடுத்தரம், சிறியது. ஒரே அளவில் வைத்தால் வரிசை மாறியது எவருக்கும் தெரியாமல் போய், பிழை திரையில்தான் பிடிபடும். முதுகின் நடுவே ஓடும் கருங்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே கோடு. முதுகின் வளைவை அது தெளிவாகச் சொல்கிறது.

அப்புவின் சாரத்துக்கும் இதே நியாயம்தான். கட்டம் போட்ட சாரம் அவருக்குப் பொருத்தமானது. ஆனால் சாரம் மடிந்து விரியும் ஒவ்வொரு படத்திலும் கட்டங்கள் மடிப்போடு வளைய வேண்டும். நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் நெளிந்து துடிக்கவும் செய்யும். கீழ்விளிம்பில் இரண்டு அகலமான பட்டைகள் போட்டால் சாரம் என்று எல்லோருக்கும் விளங்கும். கரைவலை இழுக்கும் காட்சியில் அவர் சண்டிக்கட்டுக் கட்டுவாரானால், அதற்குத் தனியாக ஒரு தாள் வேண்டும்: மடித்தபின் பட்டைகள் எங்கே வரும், முழங்கால் எவ்வளவு தெரியும் என்பவை அதில் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடி மடிப்பார்கள்.

6. முகம்

இப்போதுதான் கண்ணுக்கு வருகிறோம். உண்மை மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பவை. அப்படியே விட்டால் முன்பக்கத்திலிருந்து இரு கண்களையும் சேர்த்துப் பார்க்க முடியாது. பார்வையின் திசையையும் காட்ட முடியாது. ஆகவே அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணின் அகலத்தை விடுங்கள். கருவிழி ஒரு தட்டையான முட்டை வடிவமாக இருக்கட்டும். மினுக்கம் வேண்டாம், வெளிச்சம் வரும் திசை மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டியிருக்கும், யாராவது மறந்துவிடுவார்கள்.

இமைக்கு உடலைவிடச் சற்று இருண்ட நிறத்தை ஒதுக்குங்கள். சலிப்பு, சந்தேகம், நித்திரை மூன்றும் இமையின் உயரத்தால் மட்டுமே காட்டக்கூடியவை. புருவத்தின் வேலையைக் காதுகள் பார்த்துக்கொள்ளும் என்பதால் மானுக்குப் புருவம் வரையத் தேவையில்லை.

7. சுற்றுப் பார்வை

முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின் முக்கால், பின்பக்கம் என ஐந்து தோற்றங்களை ஒரே வரிசையில், ஒரே கிடைக்கோடுகளின் மேல் வரைய வேண்டும். முன்பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பாத்திரம் திரையில் அதிக நேரம் முக்கால் பக்கத்தில்தான் நிற்கும். அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்பச் செய்யுங்கள்.

மானின் மூக்குப்பகுதி முன்பக்கத்தில் சிக்கலைத் தரும். பக்கவாட்டில் நீளமாக இருப்பது முன்னிருந்து பார்க்கையில் வெறும் வட்டமாகிவிடும். இதற்கு மூக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்து வைத்தால், முன்பக்கத்திலும் அதன் மேற்பகுதி தெரியும். எந்தக் கோணத்தில் உண்மையை மீறுகிறீர்களோ அதைத் தாளில் எழுதியே வைக்க வேண்டும். மிக்கி மவுஸின் காதுகள் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டமாகவே இருப்பது உண்மை வடிவத்துக்கு ஒவ்வாதது. ஆனால் அது எழுதப்பட்ட விதியாக இருப்பதால் எல்லோரும் ஒரே மாதிரி வரைகிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் உள்ள அடையாளங்களைக் கவனியுங்கள். மடிந்த காது இடமா வலமா? கணினியில் படத்தைப் புரட்டினால் அது மறுபக்கம் போய்விடும். ‘மானின் இடது காது’ என்று அம்புக்குறியோடு எழுதுங்கள். ‘இடது’ என்று மட்டும் எழுதினால் பார்ப்பவரின் இடதா, மானின் இடதா என்ற குழப்பம் வரும்.

8. தமிழ் பேசும் வாய்

வாய் வடிவ அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது பரவலான பிழை. அவை பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்காகச் செய்யப்பட்டவை. தமிழுக்குக் குறைந்தது ஏழு வடிவங்கள் வேண்டும்: ஓய்வுநிலை; ப, ம ஆகியவற்றுக்கு மூடிய உதடு; அ, ஆவுக்குத் திறந்த வாய்; இ, எ வரிசைக்கு இழுபட்ட வாய்; உ, ஒ வரிசைக்குக் குவிந்த வாய்; வவுக்குக் கீழுதட்டைத் தொடும் மேற்பல்; த, ந, லவுக்குப் பல்லருகே தெரியும் நாக்கு.

இரட்டித்த மெய்களுக்குத் தனிக் கவனம் தேவை. ‘அப்பா’, ‘அம்மா’ என்னும்போது உதடுகள் நீண்ட நேரம் மூடியிருக்கும். ‘அபாயம்’ என்பதில் வரும் ப தொட்டும் தொடாமலும் கடந்துபோகும். பின்னதற்கு இரண்டு பிரேம்கள் போதும். முன்னதற்கு நான்கு அல்லது ஐந்து வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்தால், குரல் நம்முடையதாக இருந்தும் வாய் வேறு மொழி பேசுவது போலத் தோன்றும். வசனத்தை முதலில் ஒலிப்பதிவு செய்து, மூடிய உதடு வரும் இடங்களைக் குறித்த பிறகே மற்ற வடிவங்களை இடையில் நிரப்புங்கள். பார்வையாளரின் கண் மூடிய உதட்டைத்தான் பிடித்துவைத்திருக்கிறது. மற்றவற்றில் சிறு தவறு இருந்தால் மன்னிக்கும்.

அப்புவுக்கு அடர்ந்த வெள்ளை மீசை வைப்பது வேலையைக் குறைக்கும். மேலுதடு மறைந்துவிடுவதால் கீழுதட்டின் நான்கு வடிவங்களே போதுமாகின்றன.

9. நிறம்

நிறத்தைத் தனி வெள்ளைத் தாளில் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாத்திரம் நிற்கப்போகும் பின்னணியின் மேல் தேர்ந்தெடுங்கள். கோட்டைக்குள் காய்ந்த புல்லின் நிறம், கணினியின் 0 முதல் 255 வரையான அளவில், சிவப்பு 190, பச்சை 150, நீலம் 90 என்று இருக்கட்டும். மானுக்கு 196, 122, 68 கொடுத்தால் தனியே பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் புல்லின் வெளிச்ச அளவு ஏறத்தாழ 155, மானுடையது 138. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மானை 160, 86, 44 ஆக்கினால் அளவு 103 வரை இறங்கி, உருவம் பிரிந்து தெரியும்.

இதே சோதனையை உப்புவெளிக் கடற்கரை மணலின் மேலும், கோட்டை வாசல் நிழலின் மேலும் செய்ய வேண்டும். கதையில் கடல் அடிக்கடி வருமானால் முக்கிய பாத்திரத்துக்கு நீலம் கொடுப்பதைத் தவிருங்கள். இரவுக் காட்சிக்குத் தனி நிற அட்டவணை தயாரியுங்கள்; பகல் நிறத்தின் மேல் ஒரு நீலப் படலத்தைப் போட்டால் மானின் பழுப்பு சேறாகிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் எண்ணை எழுதுங்கள். ‘இளம்பழுப்பு’ என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார்கள்.

10. ஒன்றாக நிறுத்திப் பார்த்தல்

எல்லாப் பாத்திரங்களையும் ஒரே நிலக்கோட்டில் நிறுத்தி ஒரு தாள் செய்யுங்கள். உயர வேறுபாடு, கோட்டின் தடிப்பு, கண்ணின் அமைப்பு ஆகியவை இங்கே ஒத்துப்போக வேண்டும். அப்புவின் கண் வெறும் புள்ளியாகவும் மானின் கண் வெள்ளை விழியோடும் இருந்தால், இருவரும் இரண்டு வேறு கார்ட்டூன்களிலிருந்து வந்தவர்கள் போலத் தெரிவார்கள்.

11. மாதிரித் தாளை இன்னொருவர் கையில் கொடுத்தல்

வடிவமைப்பில் ஈடுபடாத ஒருவரிடம் எல்லாத் தாள்களையும் கொடுத்து, தாளில் இல்லாத மூன்று நிலைகளை வரையச் சொல்லுங்கள்: மான் பையினுள் தலையை விட்டிருப்பது, பின்னங்கால்களில் எழுந்து நிற்பது, அப்புவின் பக்கத்தில் படுத்திருப்பது. அவர் வரையும்போது நீங்கள் பேசக்கூடாது. அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே தாளில் தகவல் இல்லை. எங்கே தவறாக வரைகிறாரோ அங்கே தகவல் தெளிவாக இல்லை. அவருடைய தவறான படத்தையே எடுத்து, மேலே பெருக்கல் குறியிட்டு, பக்கத்தில் சரியானதை வரைந்து தாளில் சேர்த்துவிடுங்கள். நீண்ட விளக்கத்தைவிட இந்த இரட்டைப் படம் அதிகம் உதவும்.

அடுத்து ஒரு நடையை அசைவூட்டிப் பாருங்கள். மான் நடக்கையில் இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்ற வரிசையில் அடியெடுக்கும். இருபத்துநான்கு பிரேம்களில் ஒரு சுற்று, பன்னிரண்டு படங்கள். தொடையிலுள்ள மூன்று புள்ளிகள் தொடையோடு போகின்றனவா, கழுத்து ஒரு படத்தில் நீண்டு மறுபடத்தில் குறைகிறதா, தொண்டைத் திட்டின் விளிம்பு இணைப்பை மறைக்கிறதா என்று பாருங்கள். கழுத்து மாறினால் சுற்றுப் பார்வைத் தாளைத் திருத்துவதால் பயனில்லை. 4ஆம் படிக்குத் திரும்பி அளவைத் திருத்தி, அதிலிருந்து கீழே வர வேண்டும்.

திருத்திய ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதியும் பதிப்பு எண்ணும் எழுதி, பழைய பதிப்புகளைக் குழுவின் எல்லாக் கணினிகளிலிருந்தும் அகற்றிவிடுங்கள். காட்சிக்குக் காட்சி மானின் காது மாறுவதற்கு, யாரோ ஒருவர் இன்னும் பழைய தாளைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.